வளையாத சொற்கள்
(ஜப்பானிய இலக்கணமும் நம்ம ஊர்த் தமிழும்)



பணிமனைச் சுவரில் தொங்கும் 5எஸ் பலகையைப் பார்க்காத டிப்ளமோ மாணவர் இருக்க முடியாது. ஸெய்ரி, ஸெய்தோன், ஸெய்ஸோ, ஸெய்கெத்ஸு, ஷித்ஸுக்கெ. வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல், கைக்கு எட்டுகிற மாதிரி அடுக்கி வைத்தல், துப்புரவு செய்தல், அந்தத் துப்புரவை நிலையாக வைத்தல், ஒழுங்கைப் பழக்கமாக்கிக் கொள்ளுதல். வைவாவில் கேட்டால் மளமளவென்று ஒப்பித்துவிடுவோம். ஆனால் இந்த ஐந்தும் என்ன வகைச் சொற்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியில் ஆரம்பித்தால் ஜப்பானிய இலக்கணத்தின் பாதி புரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

நான் இயந்திரவியல் பிரிவு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். அப்பா வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். அம்மா விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலைக்குப் போகிறவர். ஒரு வருடமாக ஒரு பாடப்புத்தகத்தையும் செல்போனையும் வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழி படித்து வருகிறேன். “இங்கிலீஷே தகராறு, இதுல ஜப்பானா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இக்கட்டுரை. ஜப்பானிய மொழிக்கு இங்கிலீஷ் வழியாகப் போனால் சுற்று வழி. தமிழ் வழியாகப் போனால் கிட்டத்தில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

(ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சொல்லின் நடுவில் வல்லின ஒலி அழுத்தமாக வரும் இடங்களில் எழுத்தை இரட்டித்திருக்கிறேன்.)

சொல் எத்தனை வகை?

நாம் பத்தாம் வகுப்பு வரை படித்ததுதான். பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல் என்று நான்கு. தொல்காப்பியர் பெயரையும் வினையையும் முதலில் வைத்து, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்கிறார். இடைச்சொல்லுக்கு என்று சொல்லதிகாரத்தில் ‘இடையியல்’ என்று தனி இயலே ஒதுக்கியிருக்கிறார்.

ஜப்பானில் கியோத்தோ நகரில் வாழ்ந்த புஜித்தானி நாரியாகிரா (1738–1779) என்ற அறிஞரும் சொற்களை நான்காகப் பிரித்தார். அவர் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை. பொருள்களின் பெயருக்குப் ‘பெயர்’ என்றே வைத்தார். வினை முதலியவற்றுக்கு ‘உடை’. முன்னால் நின்று அழகு செய்யும் சொற்களுக்குத் ‘தலைச்சூடி’. பின்னால் ஒட்டி வரும் சிறு சொற்களுக்குக் ‘கால்கட்டு’, அதாவது நடக்கத் தோதாக உடையைக் காலோடு சேர்த்துக் கட்டும் கயிறு. வயலில் இறங்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிற நமக்கு இந்த உவமை சட்டென்று விளங்கும். தலைச்சூடி பற்றி 1767 இலும் கால்கட்டு பற்றி 1778 இலும் தனித்தனி நூல்கள் வெளியிட்டார்.

இன்றைய ஜப்பானியப் பள்ளிக்கூட இலக்கணம் ஹஷிமோத்தோ ஷின்கிச்சி (1882–1945) என்பவரின் முறையைத் தழுவியது. அதில் சொல் வகை பத்து. பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டே கேள்வி போதும்.

முதல் கேள்வி: இந்தச் சொல் தனியாக நிற்குமா, ஒட்டித்தான் நிற்குமா?

இரண்டாவது கேள்வி: இந்தச் சொல் வளையுமா, வளையாதா?

வளைதல் என்று நான் சொல்வது, காலம், எதிர்மறை, நிபந்தனை இவற்றுக்கு ஏற்பச் சொல் உருமாறுவதை. நாலு வகை வளையும்: வினை, இரண்டு விதமான பண்புச்சொற்கள், துணைவினை. ஆறு வகை வளையாது: பெயர், வினையடை, பெயருக்கு முன் மட்டும் வரும் அடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல், ஒட்டும் இடைச்சொல். வளையாத பெயரை ‘தய்கென்’ என்பார்கள். ‘தய்’ என்றால் உடல். தனித்து நின்று பயனிலையாகும் வளையும் சொல்லை ‘யோகென்’ என்பார்கள். ‘யோ’ என்றால் பயன், செயல்.

5எஸ் பலகையில் உள்ள ஐந்தும் பெயராகவே நிற்கின்றன. கெய்ஸன், கன்பன் என்று நாம் பாடத்தில் படிப்பவையும் பெயரே. இவற்றில் பலவற்றை வினையாக்க வேண்டுமானால் ‘ஸுரு’ (செய்) என்பதைச் சேர்க்க வேண்டும். ஸெய்ரி ஸுரு என்றால் பிரித்து ஒழுங்கு செய். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் இதே வழிதான். ‘செக்கு ஸுரு’ என்றால் செக் பண்ணு. நாம் லேத் பக்கத்தில் நின்று “அளவைச் செக் பண்ணுடா” என்று சொல்லும்போது அதே வேலையைத்தான் செய்கிறோம். வந்த சொல்லை வளைக்காமல் அப்படியே நிறுத்தி, பக்கத்தில் ‘பண்ணு’வைக் கட்டிவிடுகிறோம்.

பெயர்: தமிழை விட நேர்

பெயரில் ஜப்பான்காரர்கள் நம்மைவிட நேர்வழி. தமிழில் உருபு சேரும்போது பல பெயர்களின் உடம்பே மாறுகிறது. மரம் + ஐ = மரத்தை. ஆறு + இல் = ஆற்றில். காடு + கு = காட்டுக்கு. நான் + ஐ = என்னை. ஜப்பானியத்தில் பெயர் ஒரு போதும் மாறாது. மலைக்கு ‘யமா’ என்று பெயர். நம்ம பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதானே, அதையே எடுத்துக்கொள்வோம்.

யமா க – மலை (எழுவாய்)
யமா ஒ – மலையை
யமா நி – மலைக்கு, மலையில்
யமா நொ – மலையின், மலையோட
யமா கரா – மலையிலிருந்து
யமா மதெ – மலை வரைக்கும்
யமா மொ – மலையும்

(எழுவாயைக் காட்டும் ‘க’வைத் ‘தங்கம்’ என்பதில் வரும் க போல மெலிதாகச் சொல்ல வேண்டும்.)

இதே ஏழையும் ஆற்றுக்கு (கவா), காட்டுக்கு (மொரி), எனக்கு (வத்தாஷி) என எதற்கும் மாற்றாமல் ஒட்டலாம். ‘வத்தாஷி ஒ’ என்றால் என்னை. ‘வத்தாஷி நொ’ என்றால் என்னுடைய. சாரியை இல்லை, இரட்டித்தல் இல்லை, ஒன்றுமில்லை!

பன்மையும் கட்டாயமில்லை. ஒரு மலையும் யமாதான், நூறு மலையும் யமாதான். இது புதுசா என்ன? “பத்து மரம் சாஞ்சிருச்சு”, “மூணு மாடு வாங்கினோம்” என்றுதான் நாமும் பேசுகிறோம். எண் முன்னால் வந்துவிட்டால் ‘கள்’ எதற்கு என்பது பேச்சுத் தமிழின் கணக்கு.

இடைச்சொல்: உண்மையான கீல்

மேலே யமாவுக்குப் பின்னால் நின்ற க, ஒ, நி, நொ எல்லாம் ‘ஜொஷி’ எனப்படும் இடைச்சொற்கள். இவையும் வளையாதவை. தனியாகவும் நிற்காதவை. கதவுக்குக் கீல் சின்னதுதான். ஆனால் கீல் இல்லாமல் கதவு திரும்பாது.

இங்கிலீஷில் ‘டு’, ‘ஃப்ரம்’, ‘வித்’ எல்லாம் பெயருக்கு முன்னால் வருகின்றன. ஜப்பானியத்தில் தமிழ் போலப் பின்னால் வருகின்றன. வினை கடைசியில் வருகிறது. அதனால் தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டே போகலாம்.

அம்மா மலைக்குப் போகிறார் – ஹஹா வ யமா நி இக்கு.

இங்கே ‘வ’ என்பது “இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்” என்று சுட்டுகிற இடைச்சொல். “சுருளின்னா அருவிதான்” என்று சொல்கிறோமே, அந்த ‘ன்னா’ இதற்குப் பக்கத்தில் வரும். ஜப்பானிய இலக்கண அறிஞர் மிகாமி அக்கிரா 1960 இல் இந்த ‘வ’வைப் பற்றி எழுதிய நூலுக்கு ஒரு வாக்கியத்தையே தலைப்பாக வைத்தார்: ‘ஸோ வ ஹனா க நகை’. யானைன்னா மூக்கு நீளம் என்று பொருள். யானையைப் பற்றிப் பேச்சு, மூக்கு எழுவாய், நீளம் பயனிலை. இங்கிலீஷில் இதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். நமக்கு ஒரு வரி போதும்.

இன்னும் இரண்டு இடைச்சொல் பாருங்கள். ‘மொ’ என்றால் உம். ‘கா’ என்றால் வினா. வினாச்சொல்லோடு இவை சேர்ந்தால் நடப்பது இது:

தரெ (யார்) + கா = தரெக்கா – யாரோ
தரெ + மொ = தரெமொ – யாரும் (எதிர்மறை வினையோடு: யாரும் வரவில்லை)
இத்ஸு (எப்போது) + மொ = இத்ஸுமொ – எப்போதும்

யார் என்பதோடு உம் சேர்த்தால் யாரும், எப்போது என்பதோடு உம் சேர்த்தால் எப்போதும் என்று நாம் கட்டுகிற அதே கட்டுமானம். ஒரு வேறுபாடு: நமக்குக் கேள்விக்கு ‘ஆ’, ஐயத்துக்கு ‘ஓ’ என்று இரண்டு. அவர்களுக்கு இரண்டுக்கும் ‘கா’ ஒன்றே.

இங்கிட்டு, அங்கிட்டு

பெயருக்கு முன்னால் மட்டும் வந்து, எதற்காகவும் மாறாத அடைச்சொல்லை ‘ரென்தய்ஷி’ என்பார்கள். கொனொ, ஸொனொ, அனொ, தொனொ. முதலாவது இந்த, கடைசியது எந்த. நடுவில் இரண்டு ‘அந்த’ ஏன்? கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது ஸொனொ. இருவருக்கும் தூரத்தில் இருப்பது அனொ. பழந்தமிழிலும் அ, இ, உ என்று சுட்டு மூன்று. நடுவில் நிற்கும் ‘உது’ யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

நம்ம தேனிப் பேச்சில் திசை சொல்ல இங்கிட்டு, அங்கிட்டு, எங்கிட்டு என்கிறோம். ஜப்பானியப் பேச்சில் கொச்சி, அச்சி, தொச்சி. ‘அங்கிட்டும் இங்கிட்டும்’ என்று சொல்ல அவர்களிடமும் ஒரு சொல் உண்டு: அச்சிக்கொச்சி. அதிலும் அங்கிட்டுதான் முதலில், இங்கிட்டு பிறகுதான்!

பளபளவென்று

வினையடைகளும் வளையாதவை. இவற்றில் இரட்டைக்கிளவியைப் போல வருபவை நிறைய. பளபள என்பதற்குப் ‘பிக்காபிக்கா’. நெஞ்சு படபட என்பதற்குத் ‘தொக்கிதொக்கி’. மழை சோவென்று கொட்டுவதற்கு ‘ஸாஸா’. நாம் பளபளவென்று, படபடவென்று என்று ‘என்று’ சேர்க்கிறோம். அவர்கள் ‘தொ’ சேர்க்கிறார்கள். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லவும் நமக்கு அதே ‘என்று’: வருகிறேன் என்று சொன்னார். அவர்களுக்கும் அதே ‘தொ’. ஒலிக்குறிப்பையும் அடுத்தவர் பேச்சையும் ஒரே இடைச்சொல்லால் கட்டுகிற பழக்கம் இரண்டு மொழியிலும் இருக்கிறது. ஆனால் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது நம் விதி. அவர்கள் ‘பிக்கா’ என்று ஒற்றையாகவும் பிரித்துச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை மின்னியது என்று பொருள்.

வளைகிற சொற்கள்

வளையாததைத் தெரிந்துகொண்டால் வளைவது கொஞ்சம்தான் மிஞ்சும். இக்கு (போ) என்ற வினையைப் பார்ப்போம். இக்கு – போகிறது, போகும். இக்கனை – போகாது. இத்தா – போனது. இக்கெபா – போனால். போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று நமக்கு இருக்கிற திணை, பால், எண், இட விகுதிகள் அங்கே இல்லை. யார் போனாலும் இத்தாதான். மரியாதைக்குத் தனி வடிவங்கள் உண்டு. அது வேறு பாடம்.

பண்புச்சொல்லில் அவர்கள் வளைகிறார்கள், நாம் வளைவதில்லை. ‘பெரிய’ என்றால் பெரிய வீடு, பெரிய வீட்டில், பெரிய வீடுகள் என்று அப்படியே நிற்கும். குளிர்ச்சியைக் குறிக்கும் ‘ஸமுயி’ அங்கே வினை போல வளையும்: ஸமுக்குனை – குளிரவில்லை, ஸமுக்கத்தா – குளிராக இருந்தது. இந்த இடத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

வினையும் வினையும் சேரும் இடத்தில் மறுபடியும் சொந்த ஊர். தபெத்தெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். கத்தெ குரு என்றால் வாங்கிட்டு வா. ஷித்தெ ஒக்கு என்றால் செஞ்சு வை. எங்க அம்மா காலையில் கிளம்பும்போது “சோத்தைச் செஞ்சு வச்சிருக்கேன், குழம்பைத் தின்னு பாரு, உப்பு பத்தலைன்னா கடையில வாங்கிட்டு வா” என்பார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மேலே நான் சொன்ன மூன்று அமைப்பும் அந்த ஒரு மூச்சில் வந்துவிடுகிறது, ஓர் உருபுகூடத் தப்பாமல். இலக்கணம் படித்தவர்களுடைய சொத்து என்று இதற்குப் பிறகு யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படித்தவர்கள் பெயர் வைத்தார்கள். சரக்கு நம் வீட்டில் ஏற்கனவே இருந்தது.

உருபே இல்லாத ஒரு கல்

இடைச்சொல் இவ்வளவு முக்கியம் என்றால், அது இல்லாமல் வெறும் பெயர்களை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? அதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கண்டெடுத்தவர்கள் கணித்தார்கள். அவற்றில் ஒன்றில் உள்ள வாசகம் இது: கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.

எண்ணிப் பாருங்கள். ஒரு வேற்றுமை உருபுகூட இல்லை. ஒரு வினைமுற்றுகூட இல்லை. எல்லாம் பெயர்! கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், இறந்துபோன பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். இல், ஐச் சேர்ந்த, கு, இறந்தான் எல்லாவற்றையும் படிக்கிற நாம்தான் போட்டுக்கொள்கிறோம். நம்ம இலக்கணத்தில் உருபு மறைந்து வருவதைத் தொகை என்று படித்தோமே, அதுதான். உளியால் ஒவ்வோர் எழுத்தாக வெட்டுகிறவர் சுருக்கமாகத்தானே வெட்டுவார். அந்தக் காலத்து ஊர்க்காரர்களுக்கு அது போதும். கதை அவர்களுக்குத் தெரியும். கதை தெரியாத நமக்குத்தான் இடைச்சொல் தேவைப்படுகிறது. கம்பம் பக்கத்துக் கூடலூர்தானா அந்தக் கூடல் ஊர் என்று எனக்கும் ஓர் ஆசை உண்டு. அதைச் சொல்ல ஓர் இடைச்சொல்லும் அந்தக் கல்லில் இல்லை.

சொந்தமா, சாயலா?

தோக்கியோ கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸுஸுமு ஓனோ (1919–2008) தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டுகள் எழுதினார். யாழ்ப்பாணத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும், சென்னையில் பொற்கோ அவர்களும் அந்த ஆய்வில் அவரோடு ஈடுபட்டார்கள். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும், உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழி, துருக்கி மொழி, மங்கோலிய மொழிகளிலும் இருக்கின்றன. கட்டுமானம் ஒத்துப்போவதால் மட்டும் ஒரே தாய் வயிறு என்று சொல்லிவிட முடியாது. இரண்டு ஊரில் இரண்டு கொத்தனார் ஒரே மாதிரி வீடு கட்டலாம்.

ஆகவே நண்பர்களே, ‘தமிழிலிருந்துதான் ஜப்பான் மொழி வந்தது’ என்று மேடையில் பேச இந்தக் கட்டுரையைப் பயன்படுத்த வேண்டாம். உட்கார்ந்து படிக்கப் பயன்படுத்துங்கள். சொற்களைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். கஞ்சி எனப்படும் சித்திர எழுத்துகளை எழுதி எழுதித்தான் பழக வேண்டும். அதில் சலுகை கிடையாது. வாக்கியம் கட்டுவதில் மட்டும் நாம் பாதி தூரம் முன்னாலேயே நிற்கிறோம்.

ஜப்பான் 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ என்ற விசா முறையைத் தொடங்கியது. அதற்காக 2021 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தது. அதில் போகத் தொழில் திறனோடு மொழித் தேர்வும் வேண்டும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தொடக்க நிலை. அதற்கு அடுத்த என்4 இந்த விசாவுக்குக் கேட்கப்படும் நிலை. தேர்வு சென்னையிலும் நடக்கிறது. வெளிநாடு போவதும் போகாததும் அவரவர் விருப்பம். “நமக்கெல்லாம் மொழி வராது” என்ற எண்ணத்தால் போகாமல் இருப்பது மட்டும் வேண்டாம். மூன்று கட்டைத் தமிழ் பேசி வளர்ந்த நாக்குக்கு இது வரும்.

பயிற்சி

விடையைக் கையால் மூடிக்கொண்டு செய்யவும். கொரெ – இது. குரு – வா. கித்தா – வந்தார், வந்தது. மித்தா – பார்த்தேன்.

1. அம்மாவும் மலைக்குப் போகிறார்.
2. யாரோ வந்தார்.
3. இது மலையிலிருந்து வந்தது.
4. சாப்பிட்டுப் பார்த்தேன்.

விடை: 1. ஹஹா மொ யமா நி இக்கு. 2. தரெக்கா க கித்தா. 3. கொரெ வ யமா கரா கித்தா. 4. தபெத்தெ மித்தா.

நாலில் இரண்டு சரியாக வந்தாலும் போதும். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ‘யத்தெ மித்தெ’ என்பார்கள் அவர்கள். செஞ்சு பாருங்க!